மாமன் சீரில் வைத்த மிதவைச் சட்டை

என் தங்கச்சி மகளுக்கு நான் வாங்கிக் கொடுத்த மிதவைச் சட்டை பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். நீலமும் மஞ்சளும். தோளில் பஞ்சு வைத்துத் தைத்த பட்டை, இடுப்பில் இரண்டு பக்கமும் ஜிப் வைத்த பை, நெஞ்சில் பளபளவென்று ஒரு கொக்கி. மதுரைக் காளவாசலில் கார் சீட் கவர் கடை வைத்திருக்கிறவன் நான். தையலைத் தடவிப் பார்த்தே எவ்வளவு காலம் தாங்கும் என்று சொல்லிவிடுவேன். அந்தச் சட்டையின் தையல் முதல் தரம், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. கோளாறு வாங்கினவனிடம் இருந்தது.

சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலுக்குள் முங்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது அது. சிலிண்டரை முதுகோடு பிடித்துக்கொள்ளும். பொத்தானை அமுக்கினால் உள்ளே காற்று ஏறி, ஆளைத் தண்ணீருக்கு மேலே தூக்கி நிறுத்தும். ஜாக்கெட் என்பார்கள். வைகையில் தண்ணீர் வந்தால் பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கிற ஊர்க்காரனுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? எல்லாம் அவள் சொல்லித் தெரிந்ததுதான். தூத்துக்குடியில் கடல் உயிர்களைப் பற்றிப் படித்தாள், படிக்கும்போதே முங்கவும் பழகிக்கொண்டாள். பிறகு நார்வேயில் வேலை கிடைத்தது. கடலுக்கடியில் காடு மாதிரி வளர்கிற பாசியை முங்கிப் பார்த்து ஆராய்கிற வேலை. அதே சமயத்தில் கல்யாணமும் கூடி வந்தது. தையில் கல்யாணம், மாசியில் பயணம் என்று முடிவானது.

எங்கள் பக்கத்தில் தாய்மாமன் என்றால் சும்மா இல்லை. செக்கானூரணிக்கு மேற்கே எந்த ஊரில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். காதுகுத்தோ சடங்கோ கல்யாணமோ, மாமன் சீர் வந்து இறங்கினால்தான் காரியம் நகரும். மேளம் முன்னால் போகும். பெண்கள் தட்டுகளை ஏந்தி வரிசையாக வருவார்கள். எந்தத் தட்டில் என்ன இருக்கிறது என்று ஒருவர் மைக்கில் சொல்லிக்கொண்டே இருப்பார். மாமன் என்ன வைத்தான் என்பது பந்தியின் கடைசி இலையில் உட்கார்ந்திருக்கிறவனுக்கும் தெரிந்தாக வேண்டும்.

அந்த மாமன் கோவித்துக்கொண்டால் போச்சு, அடுப்பில் வைத்த உலை அப்படியே நிற்கும். இவளுடைய சடங்கில் அப்படி நின்றது. என் மேளக்காரர்களை மண்டபத்துப் பக்கவாசல் வழியாக வரச் சொல்லிவிட்டார்கள். முன்வாசலில் பந்தல்காரன் ஏணி போட்டிருந்தான், விஷயம் அவ்வளவுதான். எனக்கு மூக்குக்கு மேல் வந்துவிட்டது. “பக்கவாசல்ல வர நான் என்ன வாடகப் பாத்திரமா?” என்று கத்திவிட்டு, சீர் ஏற்றி வந்த வண்டியிலேயே திரும்பப் போய் உட்கார்ந்துகொண்டேன். தங்கச்சி புருஷன் வந்து கூப்பிட்டார். அவருடைய அண்ணன் வந்தார். ஊர்ப் பெரியவர்கள் வந்தார்கள். நான் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டேன். கடைசியில் தங்கச்சியே வந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “வாண்ணே, நல்ல நேரம் போகுதுண்ணே” என்றாள். அதற்குப் பிறகு ஏணியை எடுக்கச் சொல்லி, முன்வாசல் வழியாகத்தான் உள்ளே போனேன். அங்கே தண்ணீர் ஊற்றிய தலையைத் துவட்டாமல் அந்தச் சின்னப் பெண் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் வருவதைப் பார்த்ததும் சிரித்தாள்.

இந்தக் கதையை நான் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். டீக்கடையில் சொல்லியிருக்கிறேன், கடைக்குக் கார் கொண்டு வருகிறவர்களிடமும் சொல்லியிருக்கிறேன். கேட்கிறவர்களும், “கோவம் இருக்குற எடத்துலதாண்ணே கொணம் இருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதையே நம்பிக்கொண்டு இத்தனை காலம் ஓட்டிவிட்டேன்.

கல்யாணத்துக்கு என்ன செய்ய என்று கேட்டபோது அவள், “நகை வேணாம் மாமா, எனக்கு முங்குறதுக்கு ஜாக்கெட்டு ஒண்ணு வாங்கிக் குடுங்க. நீங்க குடுக்குறது கழுத்துல கெடக்குறதுக்குப் பதிலா முதுகுல கெடக்கட்டும். என்னயத் தூக்கிக்கிட்டு வரட்டும்” என்றாள். மருமகள் உயிரைப் பிடித்து வைக்கிற பொருளை மாமன் வாங்கித் தருகிறான். இதைவிடப் பெரிய சீர் எவன் செய்திருக்கிறான்?

மறுநாள் கடைக்கே வந்தாள். எது வேண்டும் என்று போனில் படம் காட்டினாள். ஓட்டை போட்ட ஒரு எஃகுத் தகடு. அதன் பின்னால் குதிரை லாடம் மாதிரி வளைந்த ஒரு கறுப்புக் காற்றுப்பை, அதை ரெக்கை என்றாள். தகட்டில் கோத்த ஒற்றைப் பட்டை. அவ்வளவுதான்.

“இது என்னத்தா, மளிகைக்கடைத் தராசுத் தட்டு மாதிரி இருக்கு?”

“குளிர்த்தண்ணிக்கு இதுதான் மாமா நல்லது. ஒரு வாளியில தண்ணி குடுங்க, காட்டுறேன்” என்றாள்.

கார் துடைக்கிற வாளியில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன். சீட்டுக்கு வைக்கிற ஸ்பாஞ்சில் ஒரு துண்டை எடுத்துப் பாலிதீன் பைக்குள் போட்டு, காற்றோடு இறுகக் கட்டினாள். குளிர்க்கடலில் முங்குகிறவர்கள் தண்ணீர் புகாத முழு உடை ஒன்றைப் போட்டுக்கொள்வார்களாம், டிரை சூட் என்று பேர். உள்ளே கனமான கம்பளித் துணி, காற்று. வாளியில் விட்டதும் பை துள்ளிக்கொண்டு மேலே நின்றது. “பாத்தீங்களா, உள்ள போகவே மாட்டேங்குது. அதனாலதான் இடுப்புல ஈயம் கட்டுறது” என்று சொல்லி, என் கத்தரிக்கோலை அதில் கட்டித் தொங்கவிட்டாள். பை பாதி முங்கி நின்றது. பிறகு பாலிதீனில் ஒரு கீறல் போட்டாள். காற்று குமிழி குமிழியாக வெளியேறியது, தண்ணீர் உள்ளே ஏறியது, எல்லாமாகச் சேர்ந்து வாளியின் அடியில் போய் உட்கார்ந்தது.

“உடை கிழிஞ்சா இப்படித்தான் மாமா. காத்து போயிரும், ஈயம் மட்டும் இருக்கும். அப்ப ஜாக்கெட்டு ஒண்ணுதான் அம்புட்டையும் தூக்கணும். நம்ம ஊருக் கடல்ல மெல்லிசு உடை, கொஞ்சூண்டு ஈயம். சின்ன ஜாக்கெட்டு போதும். அங்க அது பத்தாது. அதோட, வயித்தச் சுத்திக் காத்து ஏறுற ஜாக்கெட்டுன்னா அம்புட்டுத் துணிக்கு மேல இறுக்கிப் புடிக்கும். முதுகுல ரெக்கையா இருந்தா நெஞ்சு ப்ரீயா இருக்கும்.”

இவ்வளவும் சொன்னாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “சரித்தா சரித்தா, மாமனுக்குத் தெரியாதா? வாளிய எடு, கஸ்டமர் வாராரு.”

நானும் என் வீட்டம்மாவும் சென்னைக்குப் போனோம். அங்கே முங்குகிற சாமான்கள் விற்கிற கடையில், அவள் காட்டிய தகடும் ரெக்கையும் சுவரில் மாட்டியிருந்தன. கையில் எடுத்துப் பார்த்தேன். கனமாகத்தான் இருந்தது, ஆனால் பார்வைக்கு ஒன்றுமில்லை. இதைப் பட்டுத்துணி விரித்த தட்டில் வைத்து மேளதாளத்தோடு கொண்டுபோனால் சம்பந்தி வீட்டுக்காரர்கள் என்ன நினைப்பார்கள்? தங்கச்சி புருஷனுடைய பங்காளிகள் வாய் சும்மா இருக்குமா? “மாமன் தோசக்கல்லு வச்சிருக்காப்ள” என்று பந்தியிலேயே ஆரம்பித்துவிடுவார்கள். அப்போதுதான் எதிரே பொம்மைக்கு மாட்டியிருந்த நீல மஞ்சள் சட்டையைப் பார்த்தேன். தட்டில் நிமிர்த்தி வைத்தால் வாசல்வரை தெரியும்.

கடைக்காரர், “எந்தத் தண்ணிக்கு சார் எடுக்குறீங்க?” என்று கேட்டார்.

“எல்லாத் தண்ணிக்கும்தான்.”

“இது வெயில் ஊர்க் கடலுக்கு சார். அந்தமானுக்கு லீவுல போறவங்க எடுப்பாங்க. குளிருக்குன்னா...”

“தம்பி, நாங்களும் யாவாரந்தான் பண்றோம். நல்ல சாமானு எதுன்னு எங்களுக்குத் தெரியும்” என்றேன். அவர் அதற்கு மேல் பேசவில்லை. என் வீட்டம்மா மட்டும் காதோடு, “புள்ள கேட்டது இது இல்லியே” என்றாள். நான் திரும்பி ஒரு பார்வை பார்த்தேன். அவளும் பேசவில்லை. என்னிடம் யாரும் இரண்டாவது தடவை பேசுவதில்லை, அதை நான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கொண்டுவந்து கொடுத்தபோது மருமகள் அதைப் புரட்டிப் பார்த்தாள். எவ்வளவு கனம் தூக்கும் என்று பின்பக்கம் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தாள். ஒரு கணம் அவள் முகம் எப்படியோ போனது. அதை நான் பார்த்தேன், பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். அடுத்த கணமே, “சூப்பரா இருக்கு மாமா” என்று சிரித்தாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

அவளுடைய சீனியர் ஒருவரின் பழைய டிரை சூட் பழகிப் பார்க்க அவளுக்குக் கிடைத்திருந்தது. ஜாக்கெட்டோடு சேர்த்து ஒருமுறை முங்கிப் பார்க்க வேண்டும் என்றாள். மதுரையில் குளிர்த்தண்ணீருக்கு எங்கே போக? கொட்டாம்பட்டிப் பக்கம் எனக்குத் தெரிந்தவர் நிலத்தை ஒட்டி, கைவிட்ட கல்குவாரி ஒன்று இருக்கிறது. மலையை அறுத்து எடுத்த பள்ளத்தில் தண்ணீர் நின்று பச்சையாகக் கிடக்கும். மேலே கைவைத்தால் வெதுவெதுப்பு, ஆழத்தில் உடம்பு விறைக்கும் என்பார்கள். மார்கழியில் இன்னும் மோசம். அங்கேயே போகலாம் என்று முடிவு செய்தோம்.

அவளும், அவளோடு படித்த தூத்துக்குடித் தோழியும் இரண்டு பேராகப் போய் முங்கிப் பார்த்துவிட்டு வருவதாகத்தான் இருந்தார்கள். நான் விடுவேனா? மாமன் வாங்கிக் கொடுத்தது தண்ணீரில் எப்படி நிற்கிறது என்று எல்லாரும் பார்க்க வேண்டாமா? ஒரு வேன் பிடித்தேன். தங்கச்சி, அவள் புருஷன், அவருடைய பங்காளிகள், எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லாரையும் ஏற்றினேன். பிரியாணித் தேக்சாவும் ஏறியது. போகிற வழியில் அழகர்கோவிலில் இறங்கி, பதினெட்டாம்படிக் கருப்பைக் கும்பிட்டு, ஒரு கறுப்புக் கயிற்றில் தாயத்துக் கோத்து வாங்கி அவள் மணிக்கட்டில் நானே கட்டினேன். “மணிக்கட்டு வேணாம் மாமா, கழுத்துல...” என்று ஆரம்பித்தாள். “கருப்பு கயிறு கையிலதான்த்தா கெடக்கணும். அவுக்காத” என்றேன். அவள் அவிழ்க்கவில்லை.

குவாரி ஓரத்துப் பாறையில் ஜமுக்காளம் விரித்து எல்லாரும் உட்கார்ந்தார்கள். அவள் அந்தக் கனத்த உடைக்குள் நுழைந்தாள். கழுத்திலும் மணிக்கட்டிலும் தண்ணீர் புகாமல் இறுக்கிப் பிடிக்கிற ரப்பர் இருந்தது. அந்த ரப்பரைத் தாயத்துக்கு மேலே இழுத்துவிட்டாள். தோழி அதைக் காட்டி ஏதோ மெதுவாகச் சொன்னாள், இவள் தலையை ஆட்டிவிட்டாள். தோழி கொண்டுவந்த சிலிண்டரைக் கட்டி மேலே ஜாக்கெட்டை மாட்டினால் கொக்கி எட்டவில்லை. தோழியும் நானும் சேர்ந்து இழுத்துப் பூட்டினோம். “டைட்டா இருந்தாத்தான் நல்லது” என்றேன். சீட் கவர் மாட்டுகிறவனுக்கு அதுதானே தெரியும்! ஈயப் பட்டையை இடுப்பில் கட்டிக்கொண்டாள். கரையில் இரும்புக் கம்பி அடித்து, கயிறு ஒன்றைத் தண்ணீருக்குள் விட்டிருந்தார்கள். எங்கள் ஆட்கள் கை தட்டினார்கள். இரண்டு பேரும் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பச்சைத் தண்ணீருக்குள் மறைந்தார்கள்.

கொஞ்ச நேரம் குமிழி வந்துகொண்டிருந்தது. நான் பங்காளிகளிடம் தையலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அப்போது கயிறு விசுக்கென்று இழுபட்டது.

முதலில் தோழியின் தலை மேலே வந்தது. அவள் ஒரு கையில் கயிறு, மறு கையில் என் மருமகளின் தோள்பட்டை. மருமகளின் முகம் தண்ணீருக்கு மேலே வந்தது, உள்ளே போனது, மறுபடி வந்தது. ஜாக்கெட் முழுக்கக் காற்று ஏறி, அந்த நீலமும் மஞ்சளும் புடைத்துக்கொண்டு நின்றது. அப்படியும் அது அவளைத் தூக்கவில்லை. நெஞ்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவளோடு சேர்ந்து அதுவும் முங்கியது. “ஈயத்த விடு! ஈயத்த விடுடி!” என்று தோழி கத்தினாள். புடைத்த ஜாக்கெட்டுக்குக் கீழே பட்டையின் கொக்கி கைக்கு அகப்படவில்லை. தங்கச்சி, “எம்மகளே!” என்று கத்திக்கொண்டு பாறையிலிருந்து குதிக்கப் போனாள், இரண்டு பேர் இழுத்துப் பிடித்தார்கள். நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. எனக்கு நீச்சல் தெரியாது. கையில் பிரியாணி பரிமாறுகிற கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

எப்படியோ கொக்கி கழன்றது. ஈயம் போனதும் அவள் விருட்டென்று மேலே வந்தாள். கயிற்றைப் பிடித்து எல்லாருமாக இழுத்துக் கரையில் போட்டோம். உடைக்குள்ளிருந்து குடம் குடமாகத் தண்ணீர் கொட்டியது. உதடு நீலம் பாரித்து, பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. மணிக்கட்டு ரப்பர் தாயத்தின் விளிம்பில் உரசிக் கிழிந்து தொங்கியது. ஜாக்கெட்டைக் கழற்றும்போது என் கட்டைவிரல் தானாக அதை அமுக்கிப் பார்த்தது, ஸ்பாஞ்சை அமுக்கிப் பார்க்கிற பழக்கம். கல் மாதிரி இருந்தது. அதற்குமேல் ஒரு மூச்சுக் காற்று அதில் பிடிக்காது. கடையில் வாளியின் அடியில் கிடந்த கத்தரிக்கோல் அப்போது என் கண்முன்னால் வந்தது.

மூச்சு வந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை: “எந் தப்புத்தான். ஈயத்தக் கூடப் போட்டுட்டேன்.”

தோழி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள். மருமகள் அவள் கையைப் பிடித்து அமுக்கினாள். அதையும் நான் பார்த்தேன்.

தங்கச்சி புருஷனுக்குப் பயம் எல்லாம் கோவமாகத் திரும்பியது. “கூறு இருக்கா ஒனக்கு? மாமன் எம்புட்டு ஆசையா வாங்கியாந்து குடுத்தாக! அத ஒழுங்கா மாட்டத் தெரியல, நீயெல்லாம் நார்வேக்குப் போயி என்னத்தக் கிழிக்கப் போற?” என்று அவளைப் பிடிபிடியென்று பிடித்தார். பங்காளிகளும் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். குளிரில் நடுங்கிக்கொண்டு அவள் எல்லாவற்றையும் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள்.

அப்போது நான் பேசினேன். “சரி விடுங்க மாப்ள, புள்ளைய வையாதீங்க. தெரியாமப் பண்ணிருச்சு” என்றேன்.

இதை எழுதும்போது கை கூசுகிறது. நான் அவளை மன்னித்தேன்! கொல்லப் பார்த்தவன், பிழைத்து வந்தவளைப் பெரிய மனது பண்ணி மன்னித்தேன். “மச்சானுக்குப் பெரிய மனசு” என்று தங்கச்சி புருஷன் சொன்னார். அதையும் வாங்கிக்கொண்டேன். பிறகு எல்லாரும் பிரியாணி சாப்பிட்டோம். என் துண்டைப் போர்த்திக்கொண்டு வேனில் உட்கார்ந்திருந்தவளுக்கு நானே ஒரு தட்டு கொண்டுபோய்க் கொடுத்தேன். “நல்லாருக்கு மாமா” என்றாள்.

சில நாள் கழித்துத் தங்கச்சி போன் பண்ணினாள். “அந்த ஜாக்கெட்டையேதான் கொண்டு போவாளாம்ண்ணே. வேற வாங்கச் சொல்லிப் பாத்தேன், ‘மாமா மனசு சங்கடப்படும்’ங்கிறா. ஈயத்தக் கொறச்சுக்கிட்டாச் சரியாப் போகுமாம்ல?” என்று கேட்டாள். சரியாகப் போகும் என்று நான் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தாள்.

“ம்ம்” என்றேன்.

சரியாகப் போகாது என்று எனக்குத் தெரியும். ஈயத்தைக் குறைத்தால் அந்த உடை அவளைக் கீழே போகவே விடாது, வேலை பார்க்க முடியாது. வேலை பார்க்க வேண்டுமென்றால் ஈயம் கட்டித்தான் ஆக வேண்டும். அங்கே கரையில் கயிறு கட்டி உட்கார்ந்திருக்க யாரும் வரமாட்டார்கள். அதன் பிறகும் நான் உடனே எழுந்திருக்கவில்லை. என் தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை. ஊரே பார்த்த சட்டையை எப்படி மாற்றுவது, மாற்றினால் என்ன காரணம் சொல்வது என்றுதான் மனது கணக்குப் போட்டது. சீ, நானும் ஒரு மனுசனா?

கடைசியில் ஒரு மத்தியானம் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, வாளியில் தண்ணீர் பிடித்தேன். ஸ்பாஞ்சு, பாலிதீன், கத்தரிக்கோல். அவள் செய்தபடியே கட்டிக் கீறல் போட்டேன். அடியில் போனது. சின்ன பலூன் ஒன்றை ஊதிக் கட்டிப் பார்த்தேன், அதையும் இழுத்துக்கொண்டு போனது. பெரிய பலூன் கட்டினேன், தூக்கியது. பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் புரிகிற விஷயம். இதைக் கேட்பதற்கு அன்றைக்கு எனக்குப் பொறுமை இல்லை.

தூத்துக்குடித் தோழிக்குப் போன் போட்டேன். முதலில் அவள் சரியாகப் பேசவில்லை. “இப்பவாச்சும் கேட்டீங்களே” என்றாள். பிறகு எல்லாம் சொன்னாள். உடை முழுக்கத் தண்ணீர் ஏறினாலும் தூக்குகிற அளவுக்குப் பெரிய ரெக்கை வேண்டும், ஆனால் தேவைக்கு மேல் பெரிதாகவும் இருக்கக்கூடாது. எஃகுத் தகடே கனம் என்பதால் இடுப்பு ஈயத்தில் கொஞ்சம் குறையும். பட்டை நீளமாக வேண்டும், கனத்த துணிக்கு மேல் அளவு பார்த்துத்தான் வெட்ட வேண்டும். கையுறை போட்ட கைக்குக் கொக்கி அகப்பட வேண்டும். மறுபடியும் சென்னைக்குப் போனேன். அதே கடைக்காரர் அதே கேள்வியைக் கேட்டார்.

“குளிர்த்தண்ணிக்குத் தம்பி” என்றேன். வெல்டிங் பட்டறையில் வாங்கிய தடித்த தோல் கையுறையைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கொக்கியாகப் பூட்டித் திறந்து பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. அன்றைக்குப் பேசியதற்கு அவரிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

கல்யாணத்தன்று சீர் வரிசை முன்வாசல் வழியாகவே போனது. என் வீட்டம்மா கையில் முதல் தட்டு. பட்டுத்துணி மேல் எஃகுத் தகடு, கறுப்பு ரெக்கை. நான் நினைத்தபடியே ஒருவன், “என்னண்ணே, தோசக்கல்லா?” என்று கேட்டான். மைக் பிடித்திருந்தவர் தட்டைப் பார்த்து என்ன சொல்வது என்று திணறினார். நான் மேடையேறி மைக்கை வாங்கினேன்.

“எல்லாரும் கேட்டுக்கங்க. மொதல்ல நான் வாங்குன ஜாக்கெட்டு குளிர்த்தண்ணிக்கு ஆகாது. புள்ள வெவரமாச் சொல்லியும் நான் கேக்கல, தட்டுல வச்சா நல்லாத் தெரியும்னு வாங்குனேன். தாயத்தக் கையில கட்டுனதும் நாந்தான். குவாரியில அது முங்குனது அதோட தப்பு இல்ல, எந் தப்பு. இதுதான் அது கேட்டது” என்றேன்.

மேளம் நின்றிருந்தது. தங்கச்சி புருஷன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு மகளைப் பார்த்தார், பிறகு தலையைக் குனிந்துகொண்டார். தங்கச்சி வாயில் முந்தானையை வைத்து அழுதாள். அப்புறம் பின்னாலிருந்து ஒரு பெரியவர், “சபையில தப்ப ஒத்துக்கிற மனசு எவனுக்குய்யா வரும்? கோவம் இருக்குற எடத்துலதான் கொணம் இருக்கும்!” என்றார். கை தட்டினார்கள். எனக்கு மாலைகூடப் போட்டார்கள். உள்ளதைச் சொன்னால், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவமானத்துக்குள்ளேயும் ஒரு கெத்து கிடைத்துவிட்டது.

தாலி கட்டி முடிந்து, ஆசீர்வாதம் வாங்க அவள் என்னிடம் வந்தாள். தலை நிறையப் பூ, முகத்தில் களைப்பு. நான் அந்த மாலையோடு நின்றபடி, பெரிய மனுஷன் தோரணையில் கேட்டேன்: “ஏத்தா, நான் அத வாங்கியாந்து குடுத்தன்னைக்கே ‘இது ஆகாது’ன்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல? மாமன் மாத்திக் குடுத்திருக்க மாட்டனா?”

அவள் சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள். யாருக்கும் கேட்காதபடி குரலை இறக்கிக்கொண்டாள். அதில் கோவம் இல்லை, குத்தலும் இல்லை.

“சொல்லிருந்தா இன்னைக்கு வந்திருப்பீங்களா மாமா?”

வந்திருப்பேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஈரத் தலையோடு வாசலைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்தச் சின்னப் பெண்தான் கண்ணில் தெரிந்தாள். அவள் அன்றைக்குச் சிரித்தது மாமனைப் பார்த்த சந்தோஷம் என்று இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன். மாமன் வராமல் அம்மா அழுவதை அவள் பார்த்திருக்கிறாள். நான் மறுபடி வண்டியில் போய் உட்கார்ந்துகொள்வதைவிட, தண்ணீரில் முங்குவது அவளுக்குச் சின்ன விஷயமாக இருந்திருக்கிறது.

“வந்திருக்க மாட்டேன்த்தா” என்றேன்.

“தெரியும் மாமா” என்று சொல்லிவிட்டு, முறைப்படி என் காலில் விழுந்தாள். காலை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.